கேட்டுக் கேட்டுக் களைத்தவர்களுக்கு: பயனுள்ள குறிப்புகள்

பெக்கான் நானாஸ் சின்ன ஊர். பொந்தியான் மாவட்டத்தில், ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில், அன்னாசியும் செம்பனையும் சூழ இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் வீட்டு முன்னறையையே ஆலோசனை அறையாக்கி உட்கார்ந்திருக்கும் மனநல ஆலோசகர்கள், ஜொகூர் பாருவுக்குக் காடி ஓட்டிப் போய்வரும் தெரப்பிஸ்டுகள், பள்ளியில் கவுன்சிலிங் டீச்சராக இருப்பவர்கள் ஆகியோருக்காக இந்தக் குறிப்புகள். "உங்களையும் பார்த்துக்கோங்க" என்று உங்களிடம் சொல்லாதவர் இருக்க மாட்டார். எப்படி என்று கேட்டால், கல்யாணத்துக்கு முன்னால், பெற்றோர் திடமாக இருந்த காலத்தில் சரிப்பட்ட ஒரு பட்டியலை நீட்டுவார்கள். கீழே உள்ளவற்றில் இன்றைய நிலைமைக்கு ஒத்துவருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை அடுத்த வருடம் தேவைப்படலாம்.

1. முதலில் எந்தக் களைப்பு என்று பாருங்கள். முதுகும் கண்ணும் வலித்தால் அது உடம்பின் களைப்பு, தூங்கினால் போய்விடும். நன்றாகத் தூங்கி எழுந்தும், அடுத்து வரப்போகிறவரின் பெயரைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறதென்றால் அது வேறு. கேட்ட கதை கனவில் வருகிறது, சொந்தப் பிள்ளையைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது என்றால் அது இன்னும் வேறு. முதலாவதற்கு ஓய்வு வேண்டும். இரண்டாவதற்கு வேலையின் அளவை மாற்ற வேண்டும். மூன்றாவதற்கு உங்கள் மேற்பார்வையாளரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். நம்மில் பலர் மூன்றுக்கும் சேர்த்துக் கேமரன் மலைக்குப் போய் வருகிறோம். ஸ்ட்ராபெரி நன்றாக இருக்கும், அவ்வளவுதான். 'பர்ன் அவுட்' பற்றி 1974-ல் எழுதிய நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், பகலில் சொந்தக் கிளினிக், இரவில் இலவசக் கிளினிக் என்று உழைத்துத் தாமே அதில் விழுந்தவர். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் அது நோயாகச் சேர்க்கப்படவில்லை. வேலையோடு ஒட்டிய ஒரு நிலை என்றுதான் இருக்கிறது. அதனால் வேலை அட்டவணையில் கை வைக்காமல் எண்ணெய் மசாஜால் மட்டும் அதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

2. ஒருவர் எழுந்து போனதும் அடுத்தவர் உட்காருவதற்குள் பத்து நிமிடமாவது இருக்கட்டும். அதில் முதல் வேலை குறிப்பு எழுதுவது. எழுதாமல் விட்ட குறிப்புதான் ராத்திரி சோறு பிசையும்போது தலைக்குள் ஓடும். இரண்டாவது, கழிப்பறை. சிரிக்காதீர்கள், இந்தத் தொழிலில் சிறுநீரை அடக்கி அடக்கிக் கிருமித்தொற்று வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. கர்ப்பமாக இருந்தாலோ, சர்க்கரை இருந்தாலோ பத்து நிமிடத்தை இருபதாக்கிவிடுங்கள். எழுதிய குறிப்பைப் பூட்டு உள்ள அலமாரியில் வையுங்கள். பிள்ளைகளின் வீட்டுப்பாடப் புத்தகங்கள் கிடக்கும் மேசை இழுப்பறை அதற்கான இடமில்லை.

3. வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒரு பழைய மேசை விசிறியை அறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் ஓடவிடுங்கள். உள்ளே பேசுவது கூடத்துக்குக் கேட்காது. விசிறி அறைக்குள் இருந்தால் பயனில்லை. வந்தவர் குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்துவிடுவார். பிற்பகல் மழை தகரக் கூரையில் விழும்போது எதுவுமே கேட்காது. அந்த நேரத்தில் முக்கியமான எதையும் தொடங்காமல் மழை ஓயும்வரை தேத்தண்ணி கொடுத்து உட்கார வைப்பது இருவர் தொண்டைக்கும் நல்லது.

4. அன்னாசியை நீங்களே சீவுங்கள். நாளெல்லாம் காதும் வாயும் வேலை செய்து கை சும்மா இருந்திருக்கும். ஊர்ப் பழம் ஒன்றை எடுத்து, கொண்டையைத் திருகிப் பிடுங்கி, தோலை மெல்லியதாகச் சீவுங்கள். பிறகு கண்கள் சாய்வாக வரிசை கட்டி நிற்பது தெரியும். அந்த வரிசையின் இரு பக்கமும் கத்தியைச் சாய்த்து ஓட்டினால் முள்கண்கள் பட்டை பட்டையாகக் கழன்று வரும், பழத்தைச் சுற்றி மரை போட்ட மாதிரி பள்ளம் விழும். கவனம் சிதறினால் கை வெட்டுப்படும் என்பதால் வேறு யோசனை வராது. சீவிய பழத்தை உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால் நாக்கு அரிப்பது குறையும். வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி 1996-ல் வெளியிட்ட ஜோசபின் ரகம் கொஞ்சம் புளிப்போடு இருக்கும், பச்சடிக்கும் ரசத்துக்கும் அதுதான் பொருத்தம். அப்படியே சாப்பிட எம்டி2 இனிப்பாக இருக்கும். மணிக்கட்டு வலி வந்த பிறகும் பழக்கத்தை விடமாட்டேன் என்று சீவிக்கொண்டிருக்க வேண்டாம். சாலையோரக் கடையில் சீவிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, கைக்கு வேறு வேலை கொடுங்கள்: கீரை ஆய்வது, பூக் கட்டுவது, துணி மடிப்பது.

5. வெறும் வயிற்றில் அன்னாசி வேண்டாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரவிலும் தவிர்க்கலாம். மாலை ஏழு மணிக்கு மேல் ஆட்களைப் பார்ப்பவர்களுக்கு இது முக்கியம். சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு இரண்டாவது பாலம் வழியாகத் திரும்புகிறவர்கள் அந்த நேரத்தில்தான் வர முடியும். அவர்களுக்காகக் காத்திருந்து ஒன்பதரைக்குச் சாப்பிடுவது சில வருடம் தாங்கும், அப்புறம் வயிறு மறுக்கும். ஐந்தரைக்கே பாதிச் சாப்பாட்டை முடித்துவிட்டு, மீதியைக் கடைசி ஆள் போன பிறகு ரசம் சோறாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. தொண்டைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கோப்பி ஓ நான்காவது கோப்பைக்கு மேல் போகும்போது அது தாகத்துக்கா, கண்ணைத் திறந்து வைக்கவா என்று பாருங்கள்.

7. ஜொகூர் பாருவிலிருந்து திரும்பும் சாலையை இரண்டாகப் பிரியுங்கள். ஸ்கூடாய் நெரிசலில் நிற்கும் நேரம், அன்றைக்குக் கேட்டவற்றை நினைப்பதற்கு. நெரிசல் விட்டுச் செம்பனைத் தோட்டங்கள் தொடங்கியதும் வானொலியைப் போட்டுவிடுங்கள். மின்னல் எஃப்எம்மோ ராகாவோ, எதுவானாலும் சரி. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி போனால் முந்த அவசரப்படாதீர்கள். பிள்ளை பிறந்த பிறகு பலருக்கு இந்த முக்கால் மணி நேரம்தான் தனிமை, அப்போது வானொலிகூட வேண்டியதில்லை. மாறாக, தனியாக வாழ்பவர்கள், துணையை இழந்தவர்கள் அதே தூரத்தில் தோழி ஒருத்தியைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் பிடித்துக்கொள்வது நல்லது. ஒரே சாலைதான், ஆளுக்கும் காலத்துக்கும் தகுந்தபடி அதன் பயன் மாறுகிறது.

8. பாசார் மாலாமில் என்ன செய்வது என்று முதல் சந்திப்பிலேயே பேசி முடித்துவிடுங்கள். பெருநகரத் தெரப்பிஸ்டுக்கு இந்தத் தலைவலி கிடையாது. நமக்கோ, காலையில் எதிரே உட்கார்ந்து அழுத பெண்மணி மாலையில் ஆப்பம்பாலிக் வரிசையில் நமக்கு முன்னால் நிற்பார். கோயில் அன்னதானத்தில் பக்கத்து இலையில் இருப்பார். நாமாகப் போய்ப் பேசினால் அவருடைய மாமியார் "யாரு இவங்க?" என்று கேட்பார். பேசாமல் போனால், காசு வாங்கும்போது மட்டும் சிரிப்பாள் என்று அவர் மனம் நொந்துபோகும். அதனால் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்: "அக்கா, வெளியில பார்த்தா நானா வந்து பேசமாட்டேன். நீங்க சிரிச்சா நானும் சிரிப்பேன். நீங்க பேசினா பேசுவேன். ஆனா இங்க பேசினதை அங்க பேசமாட்டேன்." இதை ஒரு தடவை சொல்லிவிட்டால் காய்கறி வாங்கப் போகும்போது வயிற்றில் புளி கரையாது. உங்கள் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: "தெரிஞ்சவங்க." அதற்கு மேல் கேட்டால் மீன் விலையைப் பற்றிப் பேசுங்கள்.

வருடம் ஆக ஆக, ஊரில் நீங்கள் பார்த்தவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் எந்தத் திருமணத்துக்குப் போனாலும் இரண்டு மூன்று பேர் அப்படி இருப்பார்கள். அந்தக் கட்டம் வந்ததும், மாதத்தில் ஒரு மாலையாவது யாருக்கும் உங்களைத் தெரியாத ஊருக்குப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். குக்குப்பில் கடலோரம் உட்கார்ந்து நண்டு சாப்பிடும்போது எவர் முகத்தையும் பார்த்து அளவெடுக்க வேண்டியதில்லை.

9. சொந்தக்காரர்களின் இலவசக் கணக்கை மூடுங்கள். "நம்ம பையன் யார்கூடவும் பேசமாட்டேங்கறான், நீ ஒரு வார்த்தை சொல்லேன்" என்று சித்தி பந்தியில் பிடித்துக்கொண்டால், "சித்தி, குடும்பத்துல நான் பார்க்கக்கூடாதுன்னு எங்க தொழில்ல விதி இருக்கு. நல்லவங்க ஒருத்தர் நம்பர் தரேன்" என்று சொல்லுங்கள். பொய்யில்லை, நெருங்கிய உறவில் ஆலோசனை நடத்துவதைத் தொழில் ஒழுக்கம் தடுக்கிறது. சித்திக்கு முகம் சுண்டிப்போகும். தீபாவளிக்குள் சரியாகிவிடும்.

10. வாரக் கடைசியை மறுபடி யோசியுங்கள். 2014 முதல் ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. அலுவலகங்களும் பள்ளிகளும் மாறிவிட்டன, சொந்தமாகத் தொழில் செய்கிற சிலர் மட்டும் பழைய வெள்ளிக்கிழமை ஓய்விலேயே நிற்கிறார்கள். அதில் தவறில்லை. வீட்டில் எல்லாரும் வெளியே போயிருக்க, ஒருநாள் முழுக்கக் குரல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பவருக்கு வெள்ளிதான் சொர்க்கம். ஆனால் கணவரோ மனைவியோ சிங்கப்பூரில் வேலை பார்த்து சனி, ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பவர் என்றால், அந்த இரண்டு நாளையும் வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெள்ளியன்று தனியாகப் பல்லாங்குழி ஆட வேண்டியிருக்கும். சனிக்கிழமை காலை பார்ப்பேன், மதியத்துக்கு மேல் பார்க்கமாட்டேன் என்பது போல ஒரு முடிவை எழுதி, வாட்ஸ்அப் முகப்பிலேயே போட்டுவிடுங்கள்.

11. பதில் சொல்லும் நேரத்தை முகப்பில் போட்டால் மட்டும் போதாது. வேலைக்குத் தனி சிம் அட்டை வாங்குங்கள். இரவில் அந்தக் கைப்பேசி சமையலறையில் தூங்கட்டும். "நெருக்கடி என்றால் இந்த எண்களை அழையுங்கள்" என்று தானியங்கிப் பதிலில் வையுங்கள்: பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, ஹீல் 15555, தாலியான் காசே 15999. இது வருகிறவருக்கு மட்டுமான பட்டியல் இல்லை, நீங்களும் அழைக்கலாம்.

12. பிஃப்ரெண்டர்ஸ் போன்ற சேவைகளுக்கு முன்னோடி, 1953-ல் சாட் வாரா லண்டனில் தொடங்கிய சமாரிட்டன்ஸ். கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் 1970-ல் வந்தது. சமாரிட்டன்ஸ் தொண்டர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தங்கள் முறை முடிந்ததும், அன்று கேட்டதைப் பொறுப்பாளரிடம் சொல்லி இறக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். தனியாகத் தொழில் செய்யும் நாம் இதை விட்டுவிடுகிறோம். இன்னொரு ஆலோசகரோடு சேர்ந்து, வேலை முடிந்ததும் ஒருவரையொருவர் ஐந்து நிமிடம் கூப்பிடும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பெயர், ஊர், அடையாளம் எதுவும் வேண்டாம். "இன்னிக்கு ஒரு குழந்தை விஷயம், ரொம்ப கனமா இருக்கு" என்றால் போதும். புருஷன் பெண்டாட்டியிடம் இதைச் செய்யக் கூடாது. ரகசியம் காப்பது ஒருபுறம் இருக்க, அவர்களுக்கு இதைத் தாங்கும் பயிற்சி இல்லை.

13. திரையில் பார்ப்பவர்கள் தங்கள் முகம் தெரியும் சின்னக் கட்டத்தை மறைத்துவிடுங்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அவசரமாகப் பழகியது பலரிடம் அப்படியே நின்றுவிட்டது. நாளெல்லாம் தன் முகபாவத்தைத் தானே கண்காணிப்பது தனிக் களைப்பு. ஒத்துக்கொள்கிறவர்களிடம் சில சந்திப்புகளைக் குரல் அழைப்பாக்கி, பூட்டிய அறைக்குள் நடந்தபடியே கேளுங்கள்.

14. காதைச் சோதியுங்கள். கண்ணாடி மாற்ற வருடா வருடம் போகிறோம், தொழிலே நடக்கும் காதை யாரும் கவனிப்பதில்லை. ஐம்பது வயதுக்கு மேல், மெல்லப் பேசுபவர்களோடு உட்கார்ந்த பிறகு மட்டும் தலைவலி வருகிறதென்றால், மனச்சோர்வு என்று முடிவு கட்டுவதற்கு முன் காது மருத்துவரைப் பாருங்கள். அதே வயதில் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலமும் சேர்ந்துகொள்ளும். நடு உரையாடலில் உடம்பு திகுதிகுவென்று எரியும், வந்தவரின் பிள்ளை பெயர் மறந்துபோகும். பருத்திப் புடவை அல்லது தளர்ந்த பாஜு, நாற்காலிக்குப் பக்கத்தில் கைக்குட்டை, சந்திப்புக்கு முன் பழைய குறிப்பை ஒரு நிமிடம் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். கனமான விவகாரங்களைத் தூக்கம் நன்றாக இருந்த நாளின் காலையில் வையுங்கள். ஆறு பேரைப் பார்த்தவர் நால்வரோடு நிறுத்துவது தோல்வியாகாது.

15. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் தியானம், நாட்குறிப்பு, அதிகாலை நடை எல்லாவற்றையும் இப்போதைக்குக் கழித்துவிடுங்கள். தூக்கம் ஒன்றே போதும். வயதான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்பவர்கள், முதியோர் பராமரிப்பு பற்றிப் பேச வரும் புதியவர்களைச் சில மாதங்களுக்கு வேறொருவரிடம் அனுப்பலாம். காலையில் அப்பாவுக்கு வேட்டி மாற்றிவிட்டு, பத்து மணிக்கு இன்னொருவருடைய அப்பா கதையைக் கேட்பது எல்லாராலும் முடியாது.

16. அனுப்பும் இடங்களின் பட்டியல் மேசைமேல் இருக்கட்டும். தம்போயில் 1937-லிருந்து இயங்கும் பெர்மாய் மருத்துவமனை, அருகிலுள்ள அரசு கிளினிக், குழந்தைகளைப் பார்ப்பவர், சட்ட உதவி தருபவர். எல்லாவற்றையும் தானே தூக்குவது பொறுப்புணர்ச்சி போலத் தெரியும். 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவருக்குத் தன் எல்லை எது என்று தெரிந்திருப்பதும் பொறுப்புதான்.

17. டிசம்பர், ஜனவரி மாதங்களைக் காலியாக வையுங்கள். மழை கனத்து வெள்ளம் வந்தால் நிவாரண மையங்களுக்கு ஆலோசகர்களைக் கூப்பிடுவார்கள். அங்கே போகும்போது உலர்ந்த காலுறையும் ரொட்டியும் எடுத்துப் போங்கள், திரும்பியதும் அடுத்த நாளைக்கு யாரையும் குறிக்காதீர்கள். வறட்சிக் காலத்திலோ நிலைமை வேறு. இந்த வட்டாரத்தில் அன்னாசி விளைவதே பீட் மண்ணில்தான். அது காய்ந்து தீப்பிடித்தால் நிலத்துக்கு அடியிலும் புகையும், அணைப்பது கடினம். புகைமூட்ட நாளில் மாலை நடையை விட்டுவிட்டு, சன்னலைச் சாத்தி, வீட்டுக்குள்ளேயே கையைக் காலை நீட்டி மடக்குங்கள்.

18. உங்களிடம் வந்தவர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டால், மேலே சொன்ன எதுவும் முதல் வாரத்தில் உதவாது. அன்றைய சந்திப்புகளை ரத்து செய்யுங்கள். காரணம் சொல்ல வேண்டாம், "அவசரம்" போதும். மேற்பார்வையாளரை உடனே கூப்பிடுங்கள். பழைய குறிப்புகளை ராத்திரியில் தனியாக உட்கார்ந்து புரட்டாதீர்கள். அது செய்ய வேண்டியதுதான், ஆனால் இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது, பகலில். ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து கொஞ்ச நாள் விலகியிருங்கள். இழவு வீட்டுக்குப் போவதா என்பதை, குடும்பத்துக்கு உங்களைத் தெரியுமா, உங்களைப் பற்றி வெளியே தெரிவது இறந்தவருக்குச் சம்மதமா என்று மேற்பார்வையாளரோடு பேசி முடிவெடுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை மலேசியா 2023-ல் நீக்கியது. முன்பு போலீசுக்குப் பயந்து வாயைத் திறக்காதவர்கள் இனி இதைப் பற்றி உங்களிடம் அதிகமாகவே பேசலாம். அதற்கும் சேர்த்து அட்டவணையில் இடம் விடுங்கள்.

19. ஓய்வெடுத்தும் தீராதபோது வேலையின் வடிவத்தை மாற்றிப் பாருங்கள். சென்னையின் டாக்டர் சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு நெடுங்காலம் தலைமை வகித்து, ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். நோயாளிகளின் மறுவாழ்வும் குடும்பங்களுக்கான ஆதரவும் அதன் பணிகள். 2021-ல் தம் 98-ஆம் வயதில் மறைந்தார். வாரத்தில் ஒருநாள் பாடம் நடத்துவது, இளையவர்களுக்கு மேற்பார்வை தருவது, குழு அமர்வு நடத்துவது எல்லாம் இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கும் வேறு நாற்காலிகள். ஒருவரோடு ஒருவர் உட்காரும் நாற்காலி வலித்தால் மற்றதில் உட்கார்ந்து பாருங்கள்.

20. விடுப்புக்குக் காசு சேருங்கள். சொந்தத் தொழிலில் சம்பளத்தோடு விடுமுறை கிடையாது. ஒவ்வொரு சந்திப்புக் கட்டணத்திலும் பத்து வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டு வந்தால், உடம்புக்கு முடியாத மாதத்தில் அது தாங்கும். சொக்சோவில் சுயதொழில் செய்பவர்களுக்கான திட்டம் உண்டு. ஊழியர் சேமநிதியின் ஐ-சாரானில் நீங்கள் போடும் பணத்துக்கு அரசாங்கமும் ஒரு வரம்புவரை சேர்த்துப் போடுகிறது. இரண்டையும் இந்த வாரமே விசாரியுங்கள்.

21. உங்களுக்கென்று ஒரு ஆலோசகர் வேண்டும். பொந்தியானில் தேடாதீர்கள், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஈப்போவிலோ பினாங்கிலோ இருப்பவரைத் திரைவழி பாருங்கள். முழுக் கட்டணம் கொடுங்கள், தொழில்காரர் தள்ளுபடி கேட்டால் அங்கேயும் தொழில் பேச்சுத்தான் நடக்கும்.